முத்தையாவின் ரத்தமும் மணி சாரின் ரத்தமும்

ஒரு ரிப்போர்ட் நோயாளியின் நிலைமையோடு ஒத்துப்போகவில்லை என்றால் லேபில் இருக்கிற நமக்கு முதலில் தோன்றுவது, டியூப் மாறிவிட்டது என்பதுதான். டாக்டர்களுக்கும் அதுவேதான் தோன்றும், நம்மைவிடக் கொஞ்சம் சத்தமாக. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அது சரியாக இல்லாமல் போன ஒரு காலைப்பொழுதைப் பற்றி, இப்போது லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. நான் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். உங்களிடம் இருப்பதுபோல ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு எண்ணைத் துப்பும் மெஷின் எதுவும் கிடையாது. ஒரு மைக்ராஸ்கோப், சாயக் குப்பிகள், கண், பொறுமை. இவ்வளவுதான் சொத்து.

மூளையில் கட்டி வந்தவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு கோபால்ட் மெஷினில் கதிர்வீச்சு கொடுப்பார்கள். ஜனங்கள் அதை 'கரண்டு வைக்கிறது' என்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் இல்லை. காலையில் ஒரு வேன் புறப்பட்டு வாளையார் வழியாகக் கோயம்புத்தூர் போய், கரண்டு வைத்து, மதியத்துக்குள் எல்லோரையும் கொண்டுவந்து வார்டில் சேர்த்துவிடும். வேன் டிரைவர் நன்றாகப் பாடுவார். போகும்போது வாந்தி வருகிறது என்று பயந்தவர்கள்கூடத் திரும்பும்போது அவரோடு சேர்ந்து பாடிக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த நோயாளிகளைக் கவனித்துக்கொண்டவர் எங்கள் டாக்டரம்மா. ஒற்றப்பாலத்துக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். கோபம் வந்தால் முழு மலையாளம். அவருக்கு ஒரு ஆர்வம் இருந்தது. கரண்டு வைக்க வைக்க நோயாளியின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பு சக்தி எப்படிக் குறைகிறது, எப்போது திரும்ப ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காக மூளைக்கட்டி நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு தடவை வெள்ளை அணுக்களை எண்ணித் தரச் சொன்னார். முக்கியமாக லிம்போசைட். அதுதான் உடம்பின் காவல் படை. கூடவே இயோசினோபில். சாயம் போட்டால் உள்ளே செக்கச்செவேலென்று மணி மணியாகத் தெரியுமே, அந்த அணு. ஆஸ்துமாக்காரர்களுக்கும் அலர்ஜிக்காரர்களுக்கும் வயிற்றில் புழு இருப்பவர்களுக்கும் அது கூடுதலாக இருக்கும்.

மூணாறு பக்கம் சின்னக்கானல் எஸ்டேட்டிலிருந்து முத்தையா என்று ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். தேயிலை பாக்டரியில் இலை உலர்த்தும் பகுதியில் வேலை. அவருடைய தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்துவிட்ட குடும்பம்; ஆனாலும் பேச்சு மட்டும் மலையேறாமல் அப்படியே இருந்தது. கட்டியை முடிந்தவரை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் கரண்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள். மூளையில் வீக்கம் ஏறாமல் இருக்க ஒரு ஸ்டீராய்டு மாத்திரை, காலை, மதியம், இரவு.

அந்த மாத்திரையின் குணம் உங்களுக்குத் தெரியும். வீக்கத்தை வற்றவைக்கும். தலைவலி ஓடிப்போகும். அதோடு பசியைக் கிளப்பிவிடும். ரத்தத்தில் லிம்போசைட்டைக் குறைக்கும், இயோசினோபிலைத் துரத்தியே விடும். முத்தையாவுக்கும் அப்படியே நடந்தது. எஸ்டேட்டில் வயிற்றுப் புழு சகஜம் என்பதால், வந்த அன்று எடுத்த ஸ்லைடில் நிறையச் சிவப்பு மணிகள் இருந்தன. மாத்திரை தொடங்கிய பிறகு தேடினாலும் கிடைக்கவில்லை. மனிதரும் எழுந்து உட்கார்ந்து, வார்டில் வருகிற கஞ்சி போதவில்லை, சோறு போடுங்கள் என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தார்.

அவருக்கு அடுத்த கட்டிலில் மணி சார். கல்பாத்திக்காரர். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருக்குக் கட்டியும் இல்லை, கரண்டும் இல்லை. கடுமையான ஆஸ்துமா. அந்தக் காலத்தில் எங்கள் வார்டில் எல்லா நோயும் பக்கத்துப் பக்கத்தில்தான் படுத்திருக்கும். ஒருவர் எஸ்டேட் கதை சொல்வார், இன்னொருவர் ரயில் கதை சொல்வார். இரண்டு பேரும் சேர்ந்தால் ரத்தம் எடுக்கப் போன நான் திரும்பி வர நேரமாகும்.

சில வாரம் போனது. மற்ற நோயாளிகளுக்கு லிம்போசைட் படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்க, முத்தையாவுக்கு மட்டும் ஒரு வாரம் சற்றே ஏறியிருந்தது. டாக்டரம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "கண்டோ தங்கமணி, இந்த ஆளுடெ சரீரம் நல்லா போராடுது" என்று என் முதுகில் தட்டினார், ஏதோ நானே உள்ளே போய்ப் போராடியதைப் போல. அந்த உற்சாகத்தில் வேறு எந்த அணுவைப் பற்றியும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் அதற்கடுத்த நாட்களில் முத்தையா சரிய ஆரம்பித்தார். தலைவலி திரும்ப வந்தது. வாந்தி. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. வேனில் உட்கார வைக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் கரண்டு வைக்கும் டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பினார்: மாத்திரை முழு அளவில் போய்க்கொண்டிருக்கும்போதே வீக்கம் ஏறுகிறது என்றால் கட்டி கட்டுக்கடங்கவில்லை என்று அர்த்தம், இதற்கு மேல் கரண்டு வைத்து அவரைச் சிரமப்படுத்த வேண்டாம், ஊருக்கு அனுப்பிவிடலாம். அந்த இடத்துக்குக் காத்திருக்க வேறு நோயாளிகள் இருந்தார்கள். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னார்.

முத்தையாவின் மனைவி செல்லத்தாயிக்கு எஸ்டேட் ஆபீஸ் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா கடைசியாக ஒரு தடவை ரத்தம் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் போட்டு முடிவைச் சொல்வதாக இருந்தார். அன்று காலை முத்தையாவுக்கு ரத்தம் எடுத்தேன். மணி சாருக்கும் ஆஸ்துமாவுக்காக எண்ணிக்கை பார்க்கச் சொல்லியிருந்ததால் அவருக்கும் எடுத்தேன்.

மைக்ராஸ்கோப்பில் முத்தையாவின் ஸ்லைடை வைத்தேன். நகர்த்துகிற இடமெல்லாம் சிவப்பு மணிகள். லிம்போசைட்டும் தாராளமாக. மணி சாரின் ஸ்லைடை வைத்தேன். ஒரு சிவப்பு மணி கிடையாது. லிம்போசைட்டும் கொஞ்சம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரின் ரத்தம் ஆஸ்துமாக்காரர் பெயரிலும், ஆஸ்துமாக்காரரின் ரத்தம் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் பெயரிலும் இருந்தது.

என்னோடு வேலை பார்த்த ராகவண்ணன் எட்டிப் பார்த்தார். பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், என்னைவிட சீனியர், நல்ல மனிதர். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"ஏம்மா தங்கமணி, ரெண்டையும் மாத்திப் பேரு எழுதிப்போட்ட. இதுக்கு எதுக்கு இப்பிடி முழிக்கற? பேரை மாத்தி எழுதிக் குடுத்துட்டுப் போ."

"நான் கட்டில்கிட்டயே பேரு எழுதித்தானுங்கண்ணா கொண்டாந்தேன்."

"எல்லாரும் அப்பிடித்தேன் நெனச்சுக்குவோம். டாக்டரம்மா அங்க போன்கிட்ட நிக்கறாங்க. அவியளுக்கு வேணுங்கறது ஒரு ரிப்போர்ட்டு. பேரை மாத்துனா ரெண்டும் கணக்கா இருக்குது பாரு."

அவர் சொன்னது உண்மை. பெயரை மாற்றினால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிடும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு இயோசினோபில் இல்லை, சரி. ஆஸ்துமாக்காரருக்கு நிறைய இருக்கிறது, சரி. யாரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். பிள்ளைகளே, நம் வேலையில் ஆபத்தான தருணம் அதுதான். தப்பான ரிப்போர்ட்டை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லோருக்கும் பிடித்த மாதிரி திருத்திய ரிப்போர்ட்டை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

என் கையில் பேனா இருந்தது. மூடி போட்டுவிட்டேன். "மறுபடியும் எடுத்துட்டு வந்தர்றனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வார்டுக்கு ஓடினேன்.

வராந்தாவில் டாக்டரம்மா எதிரே வந்தார். "எந்தா தங்கமணி, ரிப்போர்ட் எவிடெ?"

"ரெண்டு பேரு ரத்தம் மாறுன மாதிரி தெரியுதுங்க. இன்னொருக்கா எடுக்கோணுங்க."

அவர் முகம் சிவந்தது. "இன்றைக்கா? இன்றைக்குத் தன்னெ மாறணுமா? ஒரு மனுஷ்யனை ஊருக்கு அனுப்பணுமா வேண்டாமான்னு நான் நிற்குது!" அதற்கு மேல் வந்தது முழு மலையாளம். நான் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டேன்.

முத்தையாவின் கட்டிலருகில் செல்லத்தாயி நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் வந்திருந்தார். மூணாறிலிருந்து மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கையில் ஒரு தூக்குச்சட்டி. "நாட்டுக்கோழி அடிச்சுக் கொண்டாந்தேம்மா. முன்ன பசி பசிங்காகன்னு சொல்லிவிட்டாகளே. இப்ப வாயக்கூடத் தொறக்க மாட்டேங்காக" என்று என்னிடம் சொன்னார். அழவில்லை. தூக்குச்சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

முத்தையாவின் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, அங்கேயே ஸ்லைடில் இழுத்து, அங்கேயே பெயர் எழுதினேன். அடுத்து மணி சார். அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இழுப்பு இல்லை. நெஞ்சு விசிலடிக்கவில்லை. பக்கத்தில் அவர் மனைவி மீனாட்சி மாமி டிபன் காரியரின் அடுத்த அடுக்கைத் திறந்துகொண்டிருந்தார்.

"இவருக்கு என்ன ஆயிடுத்துன்னே தெரியலை, கேட்டியா தங்கமணி" என்றார் மாமி பெருமையாக. "ஆத்துல ரெண்டு இட்லிக்கு மேல தொடமாட்டார். இப்போ எத்தனை கொண்டுவந்தாலும் போறலை. இங்கத்தை மருந்து அவ்வளவு நன்னா பிடிச்சிருக்காக்கும்."

மணி சார் என்னைப் பார்க்காமல் சட்னியைப் பார்த்தார்.

லேபுக்குத் திரும்பி இரண்டு ஸ்லைடுக்கும் சாயம் போட்டேன். காய்கிற வரை மாமி சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். முதலில் பார்த்தது மாதிரியேதான். முத்தையாவுக்கு நிறைய, மணி சாருக்கு ஒன்றுமில்லை. ராகவண்ணன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவரும் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தார். "அப்ப நீ பேரை மாத்தலே" என்றார் மெதுவாக. "போ, போய்ச் சொல்லு. நானும் பாத்தேன்னு சொல்லு."

டாக்டரம்மா போன் பக்கத்தில் நின்றிருந்தார். டிரங்க் கால் இன்னும் கிடைக்கவில்லை. ஓடி வந்த மூச்சோடு சொன்னேன்.

"ஸ்லைடு மாறலீங்க டாக்டரம்மா. ராகவண்ணனும் பாத்துட்டாருங்க. முத்தையாவுக்கு மாத்திரை சாப்பிடாத ரத்தம். மணி சாருக்கு மாத்திரை சாப்பிட்ட ரத்தம்."

"அதெப்படி?"

"ரத்தம் மட்டும் மாறலீங்க. பசியும் மாறிருச்சுங்க. இவரு சோறு கேட்டுட்டு இருந்தாரு, இப்ப வாயத் தொறக்கறதில்ல. அவரு ரெண்டு இட்லி சாப்புட மாட்டாராம், இப்ப காரியரையே காலி பண்றாருங்க."

டாக்டரம்மா ரிசீவரை ஆபரேட்டர் பையன் கையில் திணித்துவிட்டு வார்டுக்கு நடந்தார். நடந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவர் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதை ஆஸ்பத்திரியே பார்த்தது.

நேராக மணி சாரின் முன்னால் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை. "மணி சாரே, சத்தியம் சொல்லணும். யாருடெ மாத்திரை சாப்பிடறீங்க?"

மணி சார் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். மாமி அவரைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் படுத்திருந்த முத்தையாதான் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அவர ஒண்ணும் சொல்லாதிய தாயி. நாந்தான் குடுத்தேன்." நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது. "ராவெல்லாம் உக்காந்துக்கிட்டே மூச்ச இழுக்குதாரு. பக்கத்துல படுத்துக்கிட்டு அதப் பாக்க முடியல. என் மாத்திர தின்னதும் எனக்கு வலி விட்டுட்டே, இவருக்கும் விடும்னு ஒண்ணு குடுத்தேன். மூச்சு நின்னுட்டு... இழுப்பு நின்னுட்டுன்னு சொல்லுதேன். எனக்குத்தான் சொகமாயிட்டே, பொறவு எனக்கு எதுக்கு?"

முதலில் இரவு மாத்திரை மட்டும். பிறகு மூன்றும். சிஸ்டர் மாத்திரையை லாக்கர் மேல் வைத்துவிட்டுப் போவார். சாப்பாட்டுக்குப் பிறகு அது பக்கத்து லாக்கருக்கு நகர்ந்துவிடும். வலி போனது நோய் போனதால் அல்ல, மாத்திரை இருந்ததால் என்று அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை.

மணி சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் வேண்டாம்னுதான் சொன்னேன், டாக்டர். ஒரு நாள் சாப்பிட்டேன். நெஞ்சுமேல உக்காந்துண்டிருந்தவன் எழுந்து போனாப்பல ஆயிடுத்து. அதுக்கப்புறம் வேண்டாம்னு சொல்ல வாய் வரலை." முத்தையாவின் பக்கம் திரும்பினார். "இவன் இப்படிக் கிடக்கறது அதனாலயா? நான் இவனோட உயிரையா தின்னேன்?"

டாக்டரம்மா ஏற்கெனவே ஊசி மருந்து கேட்டுக் கையை நீட்டியிருந்தார். ஸ்டீராய்டு ஊசியை முத்தையாவுக்கு அவரே போட்டார். போட்டு முடித்த பிறகுதான் மணி சாரிடம் திரும்பினார். "தின்னது மாத்திரை. உயிர் இவிடெத்தன்னெ இருக்கு. அதை நாங்க பார்த்துக்கறோம்." அவருக்கும் சட்டென்று மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஆகையால் அவருடைய பெயரிலேயே எழுதி, சிறிது சிறிதாகக் குறைக்க ஏற்பாடு செய்தார்.

டாக்டரம்மா நகர்ந்ததும் மாமி தொடங்கினார். "ஊரெல்லாம் போய் இங்கத்தை மருந்து பிரமாதம்னு சொல்லிண்டு திரியறேனே! பக்கத்துக் கட்டில்ல கடன் வாங்கித் தின்னுண்டிருக்கேள்!" அந்த நிலைமையிலும் முத்தையாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. செல்லத்தாயி அதைப் பார்த்துவிட்டார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

டிரங்க் கால் கிடைத்தது. டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. எங்கள் வார்டில் நடந்ததை அப்படியே சொன்னார். "இவர் மாத்திரை சாப்பிட்டே இல்லை. நீங்க பார்த்தது கட்டி தோற்கடிச்ச ஆளை அல்ல, மருந்து இல்லாத்த ஆளை. இடத்தைக் கொடுக்க வேண்டாம், கொஞ்ச நாள் தரணும்." அந்தப் பக்கத்திலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. முத்தையாவின் இடம் அவருக்கே இருந்தது.

மறுநாள் முத்தையா கண்ணைத் திறந்து செல்லத்தாயியைப் பார்த்து, கோழிக் குழம்பு எங்கே என்று கேட்டார். அது முந்தின நாளே கெட்டுப் போயிருந்தது. மீனாட்சி மாமி வீட்டிலிருந்து மோர்க்குழம்பும் சேனை வறுவலும் வந்தன. கொஞ்ச நாளில் அவர் மறுபடியும் வேனில் ஏறினார். சிஸ்டர் இரண்டு கட்டிலையும் பிரித்து ஆளுக்கொரு மூலையில் போட்டுவிட்டார். மாத்திரையைத் தன் கண் முன்னால் விழுங்க வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். நண்பர்கள் இருவரும் வார்டின் இரண்டு கோடியிலிருந்து சத்தம் போட்டுப் பேசிக்கொண்டார்கள். முன்பைவிட அதிகத் தொந்தரவு.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சி? முத்தையாவின் லிம்போசைட் ஏறியது உடம்பு போராடியதால் அல்ல, மாத்திரை போகாததால் என்று தெரிந்ததும் அவர் ஒரு மணி நேரம் பழைய எண்ணிக்கைகளையெல்லாம் எடுத்துவைத்துப் புரட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "அப்படின்னா மத்தவங்களுக்குக் குறைஞ்சதும் கரண்டினால் மட்டுமில்ல, இல்லையோ? மாத்திரைக்கும் பங்குண்டு." அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பக்கத்தில் அந்த வாரம் எவ்வளவு மாத்திரை போனது என்பதையும் எழுதினோம். வார்டில் போய்க் கேட்டு, பார்த்து, எழுதினோம். தன் சந்தோஷம் தப்பு என்று தெரிந்த அன்றே கேள்வியை மாற்றிக்கொண்ட ஒருவரிடம் வேலை பார்த்தது என் அதிர்ஷ்டம்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்ல வருவது பெரிய விஷயம் இல்லை. பொருந்தாத ரிப்போர்ட்டைப் பொருந்த வைக்க அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் வேலையைச் சந்தேகப்படுங்கள், திரும்பச் செய்யுங்கள். அப்போதும் பொருந்தவில்லை என்றால், அதை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போங்கள். அங்கே யாராவது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

கரண்டு முடிந்து, மாத்திரையைக் குறைத்து நிறுத்தி, கொஞ்ச காலம் கழித்து முத்தையா செக்கப்புக்கு வந்தார். தானே நடந்து வந்தார். தலையில் முடி திட்டுத் திட்டாக முளைத்திருந்தது. பாக்டரியில் லேசான வேலை கொடுத்திருப்பதாகச் சொன்னார். அதன் பிறகும் பல வருஷம் வந்துகொண்டுதான் இருந்தார். அன்று ரத்தம் எடுத்த பிறகு போகாமல் நின்றார்.

"அம்மா, என்னக் காட்டிக்குடுத்தது எதுன்னு பாக்கலாமா?"

முக்காலியில் உட்கார வைத்து, மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து கொடுத்தேன். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்தா, செவப்பு செவப்பா மணி கோத்தாப்புல இருக்கே, இவனா?"

"அவனேதானுங்க."

"இத்தன பேரு உள்ள இருக்காகளா? ராப்பகலா நிக்காகளா?"

"ஆமாங்க. உங்களுக்காகத்தான்."

முத்தையா கண்ணை எடுக்காமல் கேட்டார். "சம்பளம் இல்லாமலயா? எங்க எஸ்டேட்டா இருந்தா இன்னேரம் யூனியன் வச்சிருப்போம்."

பின்னால் ராகவண்ணன் சாயக்குப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நான் முத்தையாவைப் பார்த்தேன். அவர் இன்னும் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து, தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.